இரண்டு முள், மூன்று முள்

1

என் அம்மா அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்து இந்த வாரத்தோடு நாலு வருடம் ஆகிறது. கல்யாண நாள்கூட எனக்கு மறந்துபோகும். வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தினால்தான் உண்டு. இந்த நாளை மட்டும் நான் ஒரு வருடமும் மறந்ததில்லை.

அது எங்கள் ஊர்ச் சபையின் பாத்திர அலமாரிச் சாவி. ஊர் குழித்துறைக்குப் பக்கம். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அசன விருந்துக்கு வேண்டிய உருளி, அண்டா, கரண்டி எல்லாம் அந்த அலமாரியில்தான் இருக்கும். பெண்கள் சங்கச் செயலாளர் யாரோ அவர் கையில் சாவி இருக்கும். பதினோரு வருடம் அது என் அம்மாவின் கையில் இருந்தது. அப்பா போன பிறகு அவளைத் தெருவில் நிமிர்ந்து நடக்க வைத்தது அந்தச் சாவிதான் என்று நான் நினைக்கிறேன்.

நான் நியூசிலாந்தில், ஹாமில்டன் என்கிற நகரத்தில் பதினேழு வருடமாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். லீவு நாட்களில் வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். இதைப் படித்ததும் முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. நான் எழுதப்போவது பீரைப் பற்றிக் கொஞ்சம், பழிவாங்கியதைப் பற்றி நிறைய.

அம்மா தினமும் ஊரில் பகல் பதினொன்றரைக்குக் கூப்பிடுவாள். எனக்கு அப்போது மாலை ஆறு, கோடையில் ஏழு. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இன்னைக்கு என்ன கறி?" நான் சொல்வேன், அவள் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பாள், பிறகுதான் மற்ற பேச்சு. சாவியைக் கொடுத்த பிறகும் அவள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் நிறுத்திவிட்டாள். என் அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்க அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

நாலு வருடம் நாங்கள் மழையைப் பற்றியும் முட்டுவலியைப் பற்றியும் பேசினோம்.

2

ஞாயிறு பள்ளியில் பத்து வயதில் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மதுபானத்தைத் தொடமாட்டேன் என்று அச்சடித்த அட்டை. கீழே என் பெயர், கோணல்மாணலாக. எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து யாரும் தொட்டதில்லை என்பது ஒரு பெருமை. நான் அந்த வாக்கை மீறியவள்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் அதை அம்மாவிடம் சொல்லவேண்டியது நான். எப்படிச் சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்று இரண்டு வருடமாகத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

பழக்கிவிட்டவள் எங்கள் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவில் இருந்த ஒரு வெள்ளைக்காரி. வேலை கடுமையாக இருந்த ஒரு குளிர்காலத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பெரிய பானையில் முளைகட்டி உலர்த்திய பார்லியின் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்ததும் நான் குனிந்து முகர்ந்தேன். பனையிலிருந்து இறக்கிய அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டிப் பதம் வரும்போது எழுமே, அதே மணம். அன்றைக்கே ஒரு பானை வாங்கினேன்.

நான் குடிப்பது அரை டம்ளர். வீட்டுக்காரர் பிரின்ஸ் பஸ் ஓட்டுகிறவர், ஒரு சொட்டு தொடமாட்டார். அவருக்கு நுரையைப் பார்ப்பதுதான் பிடிக்கும். மகள் ஷைனி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "அம்மா, உன் வயசு ஆன்ட்டிங்க எல்லாம் யோகா பண்றாங்க" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விடுவாள். அவளிடம் மிச்சமிருக்கிற தமிழ் "சோறு போதும்", "சாவி எங்க" அவ்வளவுதான்.

ஒரு தடவை கறுத்த பீரில் கருப்பட்டி போட்டுப் பார்க்க ஆசை வந்தது. அம்மாவிடம் "காப்பிக்கு வேணும்" என்று சொன்னேன். அது பொய். அம்மா குழித்துறைச் சந்தைக்குப் போய், உடைத்துப் பார்த்து, நக்கிப் பார்த்து, கலப்பில்லாத கருப்பட்டியாக மூன்று கிலோ எடுத்து, லீவுக்கு வந்திருந்த ஜெபராஜ் அத்தான் கையில் கொடுத்துவிட்டாள்.

ஜெபராஜ் அத்தான் என் பெரியப்பா மகள் கிரேசி அக்காவின் வீட்டுக்காரர். எங்களுக்கு முன்னே ஹாமில்டனுக்கு வந்தவர். பால் பொடி செய்கிற ஃபாக்டரியில் சூப்பர்வைசர். இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஐக்கியக் கூட்டத்தில் கமிட்டி மெம்பர். இந்த நாட்டு விமான நிலையத்தில் உணவுப் பொருள் கொண்டுவந்தால் படிவத்தில் எழுதிக் காட்டவேண்டும். எங்கள் கருப்பட்டியைப் பார்த்த அதிகாரி அதைச் சுரண்டி, முகர்ந்து, இன்னொருவரைக் கூப்பிட்டு, மரத்திலிருந்து எப்படி சர்க்கரை வரும் என்று கேட்டு, அத்தானை முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டார். "உனக்க கருப்பட்டிக்கு நான் கள்ளன் மாதிரில்லா நின்னேன்" என்று பொட்டலத்தை என் மேசையில் போட்டார். நான் நன்றி சொல்லி, சாளை மீனில் புளிமுளக் குழம்பு வைத்து, சோறு போட்டு அனுப்பினேன்.

அந்தக் கருப்பட்டி பீருக்கு எங்கள் வட்டாரப் பீர் காய்ச்சுவோர் சங்கத்தில் இரண்டாம் பரிசு கிடைத்தது. கோப்பையோடு நான் நிற்கிற படத்தைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். அதை அத்தான் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறைத்திருக்கமாட்டேன்.

3

அடுத்த டிசம்பரில் அத்தான் மறுபடி ஊருக்குப் போனார். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாட்டு முடிந்ததும் ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு கொடுப்பார்கள். இன்னாருக்குச் சர்க்கரை, இன்னார் மகனுக்கு விசா, இன்னார் மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கண்ணை மூடி, தலையைக் குனிந்து கேட்பார்கள். கேட்ட விஷயம் மறுநாள் காலைக்குள் மார்த்தாண்டம் தாண்டிவிடும். யாரும் அதைக் கோள் என்று சொல்லமுடியாது, ஜெபத்தில் வந்த விஷயம் அல்லவா?

அத்தான் அன்றைக்கு கனத்த குரலில் குறிப்புக் கொடுத்தாராம். "நம்ம ரெத்தினபாய் மாமிக்க மகள் விமலாவுக்காகப் பாரத்தோட ஜெபிக்கணும். அங்க வீட்டில வச்சே மதுபானம் காய்ச்சுகா. பரிசெல்லாம் வாங்கியிருக்கா. அதுக்குள்ள கருப்பட்டிய ஒண்ணும் அறியாம நானே சொமந்து கொண்டு குடுத்தேன். கர்த்தர் என்ன மன்னிக்கணும்."

என் அம்மா முன்வரிசையில் பாயில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திறந்தபோது எல்லாருடைய கண்ணும் திறந்திருந்தது.

அவளை யாரும் விலகச் சொல்லவில்லை. இதை நான் பலமுறை விசாரித்துவிட்டேன். அவளாகவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டாள். பிறகு வழக்கம்போல என்னைக் கூப்பிட்டாள். "நான் சாவியக் குடுத்திட்டேன் மக்கா. முட்டு வலிக்கு. ஏறி எறங்க முடியல்ல" என்றாள். திட்டவில்லை. பீர் என்ற வார்த்தையே வரவில்லை. கருப்பட்டி பிறகு வரவும் இல்லை. முழுக் கதையும் மூன்று நாள் கழித்து வேறு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அம்மா ஒருமுறை கத்தியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். அவள் முட்டுவலி என்று சொன்னதால் என் கோபம் எல்லாம் அத்தான்மேல் போய் உட்கார்ந்தது. அது ஆறும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் எனக்கு இல்லை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் கைகுலுக்கினேன், "சுகமா அத்தான்?" என்று சிரித்தேன், வீட்டுக்கு வந்து பானையைத் தேய்த்தேன்.

4

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை, நான் பின்கட்டில் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தானின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஏட்டி விமலா, ஒரு காரியம் கேக்கணும். வேற ஆருக்கும் தெரியாண்டாம்."

விஷயம் இதுதான். ஃபாக்டரி ஆட்களோடு சேர்ந்து அத்தானும் ஒரு வருடமாக கராஜில் பீர் காய்ச்சுகிறார். அடுத்த மாதம் அவருக்கும் கிரேசி அக்காவுக்கும் இருபத்தைந்தாவது கல்யாண நாள். நாலு மணிக்கு ஜெபம், ஐக்கியக் கூட்டத்துப் போதகர் வந்து ஜெபித்துவிட்டு ஐந்து மணிக்குப் போய்விடுவார். ஆறு மணிக்கு ஃபாக்டரி ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குத் தன் கையால் காய்ச்சிய பீரைக் குழாயில் பிடித்துக் கொடுக்கவேண்டும். பாட்டிலில் கொடுப்பது குறைச்சல். எஃகுப் பீப்பாய் வாங்கவேண்டும், எந்தப் பூட்டு வாங்கலாம்?

நான் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். கர்த்தர் இருக்கிறார் என்று எனக்கு அந்த நிமிடம் தோன்றியது.

பூட்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எஃகுப் பீப்பாயின் தலையில் இரண்டு மூக்கு இருக்கும். ஒன்றின் வழியாகக் காற்று உள்ளே போகும், மற்றதன் வழியாகப் பீர் வெளியே வரும். மூக்கில் மாட்டுகிற இணைப்பைத்தான் நாங்கள் பூட்டு என்கிறோம். அதில் இரண்டு வகை. பின் லாக், பால் லாக் என்பார்கள். நான் முள் பூட்டு, பந்துப் பூட்டு என்று வைத்திருக்கிறேன்.

முள் பூட்டில், காற்று மூக்கைச் சுற்றி இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கும். பீர் மூக்கில் மூன்று. இரண்டு முள்ளுக்கு வெட்டிய இணைப்பு மூன்று முள்மேல் உட்காராது. கண்ணைக் கட்டிவிட்டாலும், எவ்வளவு அவசரக்காரர் ஆனாலும், மாற்றி மாட்டவே முடியாது. எங்கள் ஆஸ்பத்திரி சிலிண்டர்களும் இப்படித்தான். ஆக்சிஜனுக்கு ஒரு இடத்தில் முள், மயக்க வாயுவுக்கு வேறு இடத்தில் முள். களைத்துப்போனவள் கைதவறி மாற்றிவிடக்கூடாது என்று யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்துச் செய்தது. அதனால்தான் என் வீட்டில் எல்லாமே முள் பூட்டு.

பந்துப் பூட்டில் முள் கிடையாது. உள்ளே சின்ன எஃகுக் குண்டுகள் பிடித்துக்கொள்ளும். மாட்டுவது எளிது, உதிரிகள் எந்தக் கடையிலும் கிடைக்கும், இன்றைக்குப் பெரும்பாலான ஆட்கள் வாங்குவது இதைத்தான். ஆனால் காற்று இணைப்பும் பீர் இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கொஞ்சம் பலம் கொடுத்தால் மாறிப்போயும் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் லேசில் கழற்ற வராது. பிளாஸ்டிக்கில் வாங்கினால் காற்றுக்குச் சாம்பல் நிறம், பீருக்குக் கறுப்பு என்று அடையாளம் உண்டு. முழு எஃகில் வாங்கினால் அதுவும் இல்லை.

அத்தான் எதையும் பலம் கொடுத்தே செய்கிறவர். ஐக்கியக் கூட்டத்து மைக்கின் வயரைத் தப்பான துளையில் குத்தி உடைத்தவர். அவரைப் போன்ற ஆளுக்கு யார் கேட்டாலும் நான் முள் பூட்டுத்தான் சொல்வேன்.

"பந்துப் பூட்டே வாங்குங்க அத்தான்," என்றேன். "இப்பம் எல்லாரும் அதுதான் வாங்குதாங்க."

நான் சொன்னதில் பொய் ஒரு சொல் கிடையாது. கடைக்காரரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

"மாட்டுகது எப்படின்னு காட்டித் தரட்டா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

"போடி. இருபது வருசமா பால் ஃபாக்டரியில கொழாய் மாட்டுகவன் நான். நீயா எனக்குச் சொல்லித் தரப்போற?"

5

என்னிடம் ஒரே ஒரு ஜோடி பந்துப் பூட்டு இருந்தது. சங்கத்துக் கூட்டங்களில் மற்றவர்களின் பீப்பாயில் மாட்ட வைத்திருப்பது. முழு எஃகு, பளபளவென்று இருக்கும். இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் காற்று இணைப்பின் கழுத்தில் சிவப்பு ரப்பர் வளையம் ஒன்று போட்டிருந்தேன். வேலைப் புத்தி.

கல்யாண நாள் பரிசாக அதை அத்தானுக்குக் கொடுப்பதென்று முடிவுசெய்தேன். பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டுவதற்கு முன், சிவப்பு வளையத்தைக் கழற்றினேன்.

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நிற்கிறது. இருபத்திரண்டு வருட நர்ஸ் வேலையில் நான் ஒட்டிய அடையாளங்களுக்குக் கணக்கில்லை. சிரிஞ்சில், பையில், குழாயில், நோயாளியின் மணிக்கட்டில். எதையும் நான் கழற்றியதில்லை. அன்றைக்கு முதல் தடவையாகக் கழற்றினேன். வளையத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஷைனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன செய்யிற?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கு என்ன தோன்றியதோ, உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபக் குறிப்பு என்பதை ஆங்கிலத்தில் விளக்கவே பத்து நிமிடம் ஆனது. அம்மா முழங்காலில் நின்றதைச் சொன்னபோது அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

"நீ ரொம்ப மோசம் அம்மா," என்றாள் கடைசியில், அவளுடைய ஆங்கிலத்தில். எழுந்து போகும்போது, "ரிப்பனை நான் கட்டவா?" என்று கேட்டாள். கட்டினாள், அழகாகவே கட்டினாள்.

பரிசை வாங்கிய அத்தானுக்கு வாயெல்லாம் பல். "கொள்ளாம்! எல்லாம் எஃகு! நீ நல்லவளாக்கும்" என்றார்.

6

கல்யாண நாளன்று நாலு மணி ஜெபம் ஒழுங்காக முடிந்தது. ஆனால் கிரேசி அக்காவின் பிரியாணி வேகவில்லை. ஐந்துக்குப் போகவேண்டிய போதகர், பிரியாணிக்காக முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஃபாக்டரி ஆட்கள் ஆறு மணி என்று சொன்னதை மதிக்காமல் ஐந்தரைக்கே வந்து நேரே கராஜுக்குள் போய்விட்டார்கள்.

ஊரில் கிரேசி அக்காவின் அம்மா, என் பெரியம்மா வீட்டில் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். இதுவும் எங்கள் வழக்கம்தான். இங்கே விசேஷம் என்றால் அங்கே புதுச் சேலை கட்டிக்கொண்டு வீடியோ அழைப்பின் முன்னால் உட்காருவார்கள். என் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள், பின்வரிசையில். "மோளே, ஊர்க்காரங்களுக்கு வீட்டச் சுத்திக் காட்டு" என்று கிரேசி அக்கா கைப்பேசியை ஷைனியிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அப்போதுதான் கராஜின் பக்கக் கதவு வழியாக அத்தானின் தலை நீண்டது. "ஏட்டி விமலா, இஞ்ச ஒருக்கா வா. வெறும் நொரைதான் வருது."

நான் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் போனேன்.

நினைத்தபடியே இருந்தது. இரண்டையும் மாற்றி மாட்டியிருந்தார். காற்று, பீர் மூக்கின் நீளக் குழல் வழியாகப் பீப்பாயின் அடிவரை போய், பீரையெல்லாம் குமுறவைத்துக்கொண்டிருந்தது. குழாயில் வந்தது காற்றும் நுரையும்தான். காற்று போதவில்லை என்று அத்தான் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அழுத்தமானியின் முள் நான் இதுவரை பார்க்காத இடத்தில் நின்றது. இணைப்பைக் கழற்ற வராததால், மூக்கையே திருகி எடுக்க ஸ்பேனர் போட்டிருந்தார். முகம் அதற்கு நேர் மேலே இருந்தது. கண்ணாடிகூடப் போடவில்லை.

அந்த அழுத்தத்தில் மூக்கு கழன்றால் குண்டுபோல் கிளம்பும். அவருடைய கண் போய்விடும்.

நான் இரண்டு நொடி சும்மா நின்றேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஜெபக்கூட்டத்தில் முழங்காலில் நின்ற அம்மாவின் சேலைக் கரைகூட அந்த இரண்டு நொடியில் நேரில் பார்த்ததுபோல எனக்குத் தெரிந்தது. பிறகு தியேட்டரில் கத்துகிற குரலில் கத்தினேன்.

"கைய எடுங்க அத்தான்!"

தோளைப் பிடித்து இழுத்து அவரைப் பின்னால் தள்ளினேன். ஸ்பேனர் தரையில் விழுந்தது. காற்றுச் சிலிண்டரை மூடினேன். பீப்பாய் மூடியின் மேலே ஒரு வளையம் இருக்கும், அதை இழுத்தால் உள்ளே உள்ள அழுத்தம் வெளியேறும்.

"அந்த வளையத்தப் பைய இழுங்க," என்றேன். "பைய. ஒரு நூல் அளவு."

நான் பைய என்று இரண்டு தடவை சொன்னேன். அங்கே நின்ற ஃபாக்டரி ஆட்கள் ஆறு பேரும் சாட்சி, தமிழ் தெரியாவிட்டாலும். அத்தான் எப்போதும்போலச் சுண்டி இழுத்தார்.

குமுறிக்கொண்டிருந்த பீர் அத்தனையும் நுரையாக அந்தச் சின்ன ஓட்டை வழியாகச் சீறியது. முகம், மீசை, பட்டுச் சட்டை, கசவு வேட்டி. நிற்கவே இல்லை. சத்தம் கேட்டு போதகர் கையில் பிரியாணித் தட்டோடு கராஜ் வாசலுக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஷைனி, கையில் கைப்பேசி.

கைப்பேசிக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "மாப்பிளே, என்னது, பாலா கொட்டிச்சு?"

அத்தான் வாயைத் திறப்பதற்குள் ஃபாக்டரி ஆள் ஒருவன், பாவம், உண்மையான துக்கத்தோடு, "ஐயோ, ஜெபராஜ் காய்ச்சின பீர் எல்லாம் போச்சே" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னான். மற்ற வார்த்தைகளை விடுங்கள். ஜெபராஜ், பீர் என்ற இரண்டும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஷைனி கைப்பேசியை அசைக்கவில்லை. நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

7

துணி துவைக்கும் தொட்டியில் வைத்து அத்தானின் கண்ணை நான்தான் கழுவினேன். இமையை விரித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாததில் எனக்கு நிம்மதிதான், அதையும் எழுதிவைக்கிறேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏட்டி, அதுக்கு அடையாளம் ஏதாச்சும் உண்டா? எதுல எது போடணும்னு?"

"உண்டு." கைப்பையிலிருந்து சிவப்பு வளையத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முட்டாள் இல்லை. முகம் மெதுவாக மாறியது.

"தெரிஞ்சுதான் செய்தியா?"

"ஆமா."

"எனக்க கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீங்க எனக்க கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அத்தான். நாலு வருசத்துக்கு முன்ன."

நான் என்ன சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. எதைச் சொல்கிறேன் என்று தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நாலு வருடமாக இவருக்குத் தெரியும்.

"நான் உனக்காக ஜெபிக்கத்தானே சொன்னேன்," என்றார் தரையைப் பார்த்து.

"நானும் உங்களுக்கு நல்ல பூட்டுத்தானே குடுத்தேன்."

வெளியே கிரேசி அக்கா எங்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். பிரியாணி நன்றாக வெந்திருந்தது. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

காரில் வீட்டுக்கு வரும்போது பிரின்ஸ், "போதுமா உனக்கு?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். அத்தான் நனைந்தது போதும். ஆனால் அதனால் சாவி திரும்பி வரவில்லை. அம்மா திரையில் இருந்தாள், எல்லாவற்றையும் பார்த்தாள், அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. என்னையும் அத்தானையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்த்திருப்பாளோ என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பீப்பாயின் பக்கத்தில், எல்லாம் தெரிந்தவளாக நின்றவள் நான்தானே?

அந்த வாரம் முழுக்க அம்மா மழையைப் பற்றி மட்டும் பேசினாள்.

8

அடுத்த சனிக்கிழமை மாலை. நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். இங்கே கிடைக்கும் சாளை ஐஸில் வைத்தது, இருந்தாலும் சாளை. கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்து அழைப்பை எடுத்தேன்.

"நேத்து ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன்," என்றாள் அம்மா.

அந்த வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அவள் நாலு வருடமாகப் போகவில்லை. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"முட்டு வலிக்கல்லியாம்மா?"

"வலிக்கத்தான் செய்யுது. ஆனா ஒரு ஜெபக் குறிப்பு குடுக்கணும்னு பாரம் வந்திச்சு."

"என்ன குறிப்பு?"

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். முன்பு பெண்கள் சங்கத்தில் அறிக்கை வாசிக்கும்போது செருமுவது போல.

"நம்ம கிரேசிக்க மாப்பிளைக்காகப் பாரத்தோட ஜெபிக்கணும்னு சொன்னேன். அவரு வீட்டில வச்சுக் காய்ச்சின பீரு, கல்யாண நாளும் அதுவுமா, போதகருக்க முன்ன வச்சு, மூஞ்சியில தெறிச்சிப் போச்சு. கண்ணுக்கு ஒண்ணும் வரப்பிடாது. எனக்க மக பக்கத்தில நின்னதினால தப்பிச்சாரு, அவளுக்காக ஸ்தோத்திரம் செய்யணும். அப்படீன்னு சொன்னேன்."

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் கண்ண மூடிட்டு இருந்தாங்க. நான் மூடல்ல. ஒவ்வொருத்தரு மூஞ்சியையும் பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மூக்கு அடைத்தது. மீன் கையாக இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. அறையிலிருந்து ஷைனி எட்டிப்பார்த்து, பாட்டி என்று தெரிந்ததும் வந்து என் பின்னால் நின்றாள்.

அம்மா ஷைனியைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு திரையை நெருங்கி வந்தாள்.

"இன்னைக்கு என்ன கறி?"

"சாளைப் புளிமுளம்," என்றேன்.

"மொளகு ரெண்டு கூட வை. அங்கத்த மீனுக்கு ருசி கெடையாது." சற்று நிறுத்தி, "பின்ன மத்தது?" என்றாள்.

பீரைத்தான் கேட்கிறாள் என்று எனக்கு விளங்க ஒரு கணம் ஆனது. "அது பின்கட்டில இருக்கும்மா. இன்னும் பத்து நாள் கெடக்கணும்."

"கருப்பட்டி போட்டியா?"

"இல்ல. அது தீந்து நாலு வருசம் ஆச்சு."

அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள், எதையோ கிண்டினாள், மறுபடி திரும்பினாள்.

"டிசம்பருக்கு ஜெபராஜ் மாப்பிள இஞ்ச வாறாருல்லியா?"

"வாறாருன்னுதான் சொன்னாங்க."

"அஞ்சு கிலோ வாங்கி வைக்கேன். திரும்பி வரும்பம் அவருக்க கையிலயே குடுத்து விடுகேன்," என்றாள் அம்மா. "இந்தத் தடவ என்னத்துக்குன்னு அறிஞ்சிட்டே கொண்டு வரட்டு."